யார் கையிலிருந்து யார் கைக்கு

1963 பிப்ரவரி மாத ‘அமெரிக்கன் ரைபிள்மேன்’ இதழில் சிகாகோவின் க்ளைன்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் கடை ஒரு விளம்பரம் கொடுத்திருந்தது. போரில் பயன்பட்டு மிஞ்சிக் கிடந்த இத்தாலிய ராணுவ ரைபிள். குறிபார்க்கும் தொலைநோக்கியும் சேர்த்து 19 டாலர் 95 சென்ட். அனுப்பும் செலவு ஒன்றரை டாலர். கூப்பனை வெட்டி, பெயரும் முகவரியும் எழுதி, மணியார்டரோடு அனுப்பினால் போதும், வீடு தேடி வந்துவிடும். மார்ச் மாதம் டாலஸ் நகரத்துத் தபால் பெட்டி ஒன்றை முகவரியாகக் கொடுத்து, ‘ஏ. ஹிடெல்’ என்ற பெயரில் ஒரு கூப்பன் போய்ச் சேர்ந்தது. மார்ச் 20-ம் தேதி ரைபிள் சிகாகோவிலிருந்து கிளம்பியது. ஹிடெல் என்று யாரும் கிடையாது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவன் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அதே ஆண்டு நவம்பர் 22 அன்று ஜனாதிபதி கென்னடியைக் கொன்றது அந்த ரைபிள்தான்.

ஆஸ்வால்ட் தபாலில் எழுதிப்போட்டு வாங்கியது இது ஒன்றல்ல. லாஸ் ஏஞ்சலஸில் இருந்த சீபோர்ட் டிரேடர்ஸ் என்ற கடையிலிருந்து ஒரு ரிவால்வரும் தருவித்திருந்தான். அதுவும் பழையதுதான். உலகப் போரின்போது பிரிட்டனுக்குப் போய், பிறகு அமெரிக்காவுக்கே திரும்பி வந்து, குழலை வெட்டிக் குட்டையாக்கி விற்கப்பட்ட ஸ்மித் அண்ட் வெஸன். விலை 29 டாலர் 95 சென்ட். அந்தக் கடையின் படிவத்தில் வாங்குபவருக்காகச் சாட்சிக் கையெழுத்து போட ஓர் இடம் இருந்தது. அங்கே ‘டி.எஃப். டிரிட்டல்’ என்று ஒரு பெயர். அதை எழுதியதும் ஆஸ்வால்டேதான். தனக்குத் தானே சாட்சி. கடைக்காரர்கள் யாரும் அதைச் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை.

இன்று இதைப் படித்தால் திகைப்பாக இருக்கும். அன்றைய அமெரிக்கருக்கு இதில் விசேஷம் எதுவும் இல்லை. சியர்ஸ் நிறுவனத்தின் கனத்த அட்டவணைப் புத்தகத்தில் தையல் இயந்திரத்தையும் குளிர்காலக் கோட்டையும் தேர்ந்தெடுத்த குடும்பங்கள், வேட்டைத் துப்பாக்கியையும் அதிலிருந்தே வாங்கின. ஊரில் ஆணியும் சுத்தியலும் விற்ற இரும்புக்கடையில் தோட்டாவும் கிடைத்தது. 1927-ல் வந்த ஒரு சட்டம் கைத்துப்பாக்கிகளை அரசுத் தபாலில் அனுப்பக் கூடாது என்றது. ஆனால் தனியார் பார்சல் கம்பெனிகளை அது தொடவில்லை. ஆஸ்வால்டின் ரிவால்வர் ரயில்வே எக்ஸ்பிரஸ் வழியாக வந்தது அதனால்தான். 1938-ல் இன்னொரு சட்டம், துப்பாக்கி வியாபாரிக்கு லைசென்ஸ் கட்டாயம் என்றது. லைசென்ஸ் கட்டணம் ஆண்டுக்கு ஒரு டாலர்.

இதெல்லாம் கடைக்காரர்கள் கதை. தனி ஆள் தனி ஆளுக்கு விற்பது வேறு உலகம். மான் வேட்டையை விட்டுவிட்ட பெரியவர் தன் ரைபிளைப் பக்கத்துப் பண்ணைக்காரரின் மகனுக்குக் கொடுப்பார். தந்தை இறந்தபின் அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியை மகள், உள்ளூர்த் தினசரியில் வரி விளம்பரம் போட்டு விற்பாள். நான்கு வரி, ஒரு போன் நம்பர். இன்னும் தூரத்துக்குச் செய்தி போக வேண்டும் என்றால் ‘ஷாட்கன் நியூஸ்’ இருந்தது. 1946-ல் தொடங்கி, நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்து பல பத்தாண்டுகள் வந்த அந்தப் பத்திரிகையில் பக்கம் பக்கமாக விளம்பரம்தான். பொடி எழுத்து, மட்டமான காகிதம். துப்பாக்கிப் பிரியர்கள் அதை ஒரு வரி விடாமல் மேய்வார்கள்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. மேலே சொன்ன கூப்பனே அதற்குச் சாட்சி. ஆனால் ஊருக்குள் நடந்த விற்பனையில், சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத ஒரு காவல் இருந்தது: விற்பவருக்கு வாங்குபவரைத் தெரியும். குடித்துவிட்டு மனைவியை அடிப்பவன் யார், கோபம் வந்தால் தலைகால் புரியாதவன் யார், ஜெயிலுக்குப் போய் வந்தவன் யார் என்பது சிற்றூரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்படிப்பட்டவன் கேட்டால், ‘அதை அப்பவே வித்துட்டேனே’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எல்லா நேரமும் அப்படி நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் விற்றவர் மறுநாளும் அதே ஊரில் நடமாட வேண்டும் என்ற கூச்சம் ஒன்று இருந்தது.

கென்னடி கொலைக்குப் பின் கனெக்டிகட் செனட்டர் தாமஸ் டாட், தபால் வழித் துப்பாக்கி விற்பனையைத் தடுக்கப் பாடுபட்டார். தேசிய ரைபிள் சங்கத்தின் அன்றைய தலைமை நிர்வாகி ஃபிராங்க்ளின் ஓர்த் கூட அதை ஆதரித்துச் சாட்சி சொன்னார். அப்படியும் ஐந்து ஆண்டுகள் இழுத்தது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஜூனில் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகே, அக்டோபர் 22 அன்று ஜனாதிபதி ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கூப்பன் காலம் அதோடு முடிந்தது. மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கி அனுப்புவது லைசென்ஸ் உள்ளவர்களுக்கிடையே மட்டும். புதிதாகத் தயாராகும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வரிசை எண் கட்டாயம். கடையில் வாங்குபவர் ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும்.

ஆனால் ஒரே மாநிலத்தில் வசிக்கும் இரண்டு தனிநபர்களுக்கிடையே நடக்கும் விற்பனையைச் சட்டம் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிட்டது. 1986-ல் வந்த இன்னொரு சட்டம் அந்த விலக்கை இன்னும் உறுதியாக்கியது. சொந்தச் சேகரிப்பிலிருந்து எப்போதாவது விற்பவர் வியாபாரி அல்ல. அவருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று அது எழுதி வைத்தது. வேட்டையை விட்ட பெரியவரையும் தந்தையை இழந்த மகளையும் மனதில் வைத்துப் பார்த்தால் நியாயமான ஏற்பாடுதான். அவர்களைப் போய் வியாபாரி என்று யார் சொல்வார்கள்?

1993-ல் பிரேடி சட்டம் வந்தது. ஜனாதிபதி ரீகனைக் கொல்ல நடந்த முயற்சியில் தலையில் குண்டு பாய்ந்த அவருடைய செய்திச் செயலர் ஜேம்ஸ் பிரேடியின் பெயரில் அமைந்த சட்டம். 1998 நவம்பர் முதல், கடையில் வாங்குபவரின் பெயரை எஃப்.பி.ஐ. நடத்தும் கணினித் தொகுப்பில் பார்த்த பிறகே துப்பாக்கியைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். இதுவும் கடைகளுக்கு மட்டும். தனி ஆள் விற்றால் சோதனை வேண்டாம். விரைவிலேயே அந்த விலக்கின் விலை தெரியத் தொடங்கியது. கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் 1999-ல் கொலை செய்த இரு மாணவர்களுக்கு, 1998-ன் கடைசியில் பதினெட்டு வயதுத் தோழி ஒருத்தி துப்பாக்கிச் சந்தைக்குப் போய் மூன்று துப்பாக்கிகள் வாங்கிக் கொடுத்திருந்தாள். கடைக்காரர்களை விட்டுவிட்டுத் தனி ஆட்களிடமே வாங்கினாள். 2000-ம் ஆண்டு கொலராடோ மக்கள் வாக்களித்துச் சந்தைகளில் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள்.

அதற்குள் இணையம் வந்துவிட்டது.

இ-பே நிறுவனம் 1999-லேயே துப்பாக்கி விற்பனையை நிறுத்திவிட்டது. ஊர் ஊராக வரி விளம்பரங்களை இணையத்துக்குக் கொண்டுவந்த கிரெய்க்ஸ்லிஸ்ட் 2007-ல் நிறுத்தியது. அந்த இடத்தை நிரப்ப அதே ஆண்டு ஆர்ம்ஸ்லிஸ்ட் என்ற தளம் பிறந்தது. துப்பாக்கிக்கென்றே வரி விளம்பரம். ஃபேஸ்புக் 2016 ஜனவரியில் தனிநபர் துப்பாக்கி விற்பனைக்குத் தடை போட்டது. அதன் பிறகு ஃபேஸ்புக் சந்தையில் காலித் துப்பாக்கிப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. வெறும் பிளாஸ்டிக் பெட்டிக்கு நூற்றுக்கணக்கான டாலர் விலை. பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.

ஒரு சாதாரண விளம்பரத்தைப் பார்ப்போம். லாரியின் பின்பலகை மேலோ படுக்கை விரிப்பின் மேலோ வைத்து எடுத்த நாலைந்து படங்கள். தயாரிப்பு, தோட்டா அளவு, இதுவரை எத்தனை முறை சுடப்பட்டது என்ற விவரம், கூடவே வரும் பெட்டி, உபரி மேகசின்கள். கடைசியில் நிபந்தனைகள்: நேரில் மட்டும். ரொக்கம் மட்டும், அல்லது மாற்றுக்கு மாற்று. பார்சலில் அனுப்ப மாட்டேன். இந்த மாநில அடையாள அட்டை காட்ட வேண்டும். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், மறைத்து எடுத்துச் செல்லும் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று எழுதுவார்கள். அந்த லைசென்ஸ் வாங்கியவர் ஏற்கெனவே சோதிக்கப்பட்டவர் என்பது கணக்கு. வேறு சிலர் அதற்கு நேர்மாறாக, காகிதம் எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். பிறகு குறுஞ்செய்தி, பேரம், ஏதாவது ஒரு கடையின் பார்க்கிங். இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். பணம் எண்ணி முடிக்கும் நேரத்துக்குள் வியாபாரம் முடிந்துவிடும். இருவரும் அதற்கு முன் சந்தித்ததில்லை; இனியும் சந்திக்கப் போவதில்லை.

என் மனதை உறுத்துவது இந்த இடம்தான். அக்கம்பக்கத்துக்காரர்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்வதற்காகக் கொடுத்த விலக்கு, முன்பின் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் கூடும் சந்தைக்கும் அப்படியே பொருந்திவிட்டது. பழக்கம் போய்விட்டது, பழக்கத்தை நம்பி எழுதிய சட்டம் மட்டும் நிற்கிறது. அந்தச் சட்டம் தனி ஆளிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ விற்கக் கூடாது. அதாவது எதுவும் தெரியாதவரைக்கும் பிரச்சினை இல்லை. கேள்வி கேட்டால்தானே தெரியும்? கேட்காமல் இருப்பவருக்கே சட்டம் அதிகப் பாதுகாப்புத் தருகிறது.

2012 அக்டோபரில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பெண், தன் கணவன் தன்னை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் தடையாணை வாங்கினார். அத்தகைய ஆணை இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். கடைக்குப் போயிருந்தால் கணினியே காட்டிக்கொடுத்திருக்கும். அவன் ஆர்ம்ஸ்லிஸ்டில் தேடினான். துரித உணவுக் கடையின் பார்க்கிங்கில் 500 டாலர் கொடுத்து ஒரு கைத்துப்பாக்கி வாங்கினான். மறுநாள், மனைவி வேலை செய்த ப்ரூக்ஃபீல்ட் நகர அழகு நிலையத்துக்குள் நுழைந்து அவரையும் மேலும் இருவரையும் கொன்று, தானும் செத்தான். மகள் அந்தத் தளத்தின் மேல் வழக்குப் போட்டார். கடைகளை ஒதுக்கித் தனி ஆட்களின் விளம்பரங்களை மட்டும் காட்டும் வசதி அந்தத் தளத்தில் இருப்பதே தடை செய்யப்பட்டவர்களுக்கு வழிகாட்டத்தான் என்பது அவர் தரப்பு வாதம். மற்றவர்கள் எழுதிப் போடுவதற்கு இணையதளம் பொறுப்பல்ல என்று சொல்லும் 1996-ம் ஆண்டுச் சட்டத்தின் 230-ம் பிரிவைக் காட்டி, 2019-ல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கே எடுக்கவில்லை.

விலையை வைத்தும் ஒன்று சொல்லலாம். 2011-ல் கனடாவிலிருந்து வந்த ஒருவன், அதே தளத்தில் விளம்பரம் கண்டு, சியாட்டல்காரர் ஒருவரிடம் கைத்துப்பாக்கி கேட்டான். விளம்பர விலை 400 டாலர். வேற்று நாட்டவனுக்கு விற்கக் கூடாது என்பது விற்றவருக்குத் தெரிந்தே இருந்தது. அதற்காக 200 டாலர் சேர்த்து வாங்கிக்கொண்டார். அந்தத் துப்பாக்கியோடு அவன் இல்லினாய்ஸ் போய், தன்னை மறுத்த ஒரு பெண்ணைக் கொன்றான். விற்றவருக்கு ஓராண்டுச் சிறை. சட்டத்தை மீறுவதற்கு அந்தப் பார்க்கிங் சந்தை போட்ட விலை 200 டாலர்.

எல்லா விற்பனையாளர்களும் இப்படி என்று எழுதினால் அது பொய். 2011-ல் நியூயார்க் மாநகராட்சி மறைமுகமாக ஒரு சோதனை நடத்தியது. 14 மாநிலங்களில் 125 தனி விற்பனையாளர்களைக் கூப்பிட்டு, ‘எனக்குப் பின்னணிச் சோதனை தேறாது’ என்று சொல்லிப் பார்த்தார்கள். 62 சதவீதம் பேர் பரவாயில்லை என்றார்கள். ஆனால் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2017-ல் வெளியிட்ட அறிக்கை வேறு மாதிரி. அதன் அதிகாரிகள் வெளிப்படையான இணையதளங்களில் 72 முறை முயன்று ஒன்று கூட வாங்க முடியவில்லை. 56 பேர் மறுத்துவிட்டார்கள். சில கணக்குகளைத் தளங்களே முடக்கின. 11 விளம்பரங்கள் ஏமாற்று வேலை அல்லது அப்படித் தோன்றியவை. பெரும்பாலான விற்பனையாளர்கள் நேர்மையானவர்கள் என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. நானும் அதை நம்புகிறேன். ஆனால் அந்த அதிகாரிகள் பார்சலில் அனுப்பச் சொல்லியோ, தாங்கள் தடை செய்யப்பட்டவர்கள் என்று வாயைத் திறந்து சொல்லியோ கேட்டவர்கள். பார்க்கிங்கில் ரொக்கத்தோடு வந்து நிற்பவன் அதையெல்லாம் ஏன் சொல்லப் போகிறான்? 2017-ல் ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வின்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் துப்பாக்கி பெற்றவர்களில் 22 சதவீதத்தினர் எந்தச் சோதனையும் இல்லாமல் பெற்றவர்கள். தனி ஆட்களிடம் விலைக்கு வாங்கியவர்களில் சரிபாதி.

கொலை நடந்த பிறகு நடப்பதைப் பார்த்தால், அன்றைய நிலையும் இன்றைய நிலையும் இன்னொரு விதமாகத் தலைகீழாகின்றன. கென்னடி கொல்லப்பட்ட அன்று இரவு 10 மணிக்கு க்ளைன்ஸ் கடை ஊழியர்கள் மைக்ரோஃபிலிம் சுருள்களைத் தேட ஆரம்பித்தார்கள். விடியற்காலை 4 மணிக்கெல்லாம் C2766 என்ற எண்ணுள்ள ரைபிள் ‘ஏ. ஹிடெல்’ என்பவருக்கு எந்தத் தபால் பெட்டிக்குப் போனது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கூப்பன், கவர், மணியார்டர் எல்லாவற்றிலும் கையெழுத்து இருந்தது. இன்று ஒரு துப்பாக்கி சிக்கினால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்கில் உள்ள தேசியத் தடமறியும் மையத்துக்கு எண் போகும். அங்கிருந்து தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, கடையில் முதலில் வாங்கியவர். அவ்வளவுதான். மூடப்பட்ட கடைகளின் பதிவேடுகள் அந்த மையத்தில் மலைபோல் சேர்ந்திருக்கின்றன; அவற்றைப் பெயர் போட்டுத் தேடும் கணினித் தொகுப்பாக்கக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. ஊழியர்கள் பக்கம் பக்கமாகத்தான் பார்க்க வேண்டும். முதலில் வாங்கியவர் பார்க்கிங்கில் யாரோ ஒருவருக்கு விற்றிருந்தால், அதன் பிறகு போலீஸ்காரர்கள் ஒவ்வொரு கதவாகத் தட்டி, ‘யாருக்கு விற்றீர்கள், ஞாபகம் இருக்கிறதா?’ என்று கேட்க வேண்டியதுதான். பழைய காரை விற்றால் உரிமைப் பத்திரத்தில் பெயர் மாற்றியாக வேண்டிய அதே நாட்டில்!

டெக்ஸாஸின் ஒடெஸா பகுதியில் 2019 ஆகஸ்டில் 7 பேரைக் கொன்றவன், 2014-ல் கடையில் வாங்கப் போய்ச் சோதனையில் தோற்றவன். கணினி தன் வேலையைச் சரியாகச் செய்தது. இரண்டு ஆண்டு கழித்து, லைசென்ஸ் இல்லாமல் வாங்கி விற்றுக்கொண்டிருந்த லபக் நகரத்துக்காரர் ஒருவரிடம் ரைபிள் வாங்கினான். அந்த விற்பனையாளருக்கு இரண்டு ஆண்டுச் சிறை. சேகரிப்பாளர் எங்கே முடிகிறார், வியாபாரி எங்கே தொடங்குகிறார் என்ற வரையறையை 2022-ல் நாடாளுமன்றம் கொஞ்சம் இறுக்கியது. அதை ஒட்டி 2024-ல் வந்த விதியை எதிர்த்து டெக்ஸாஸ் உடனே நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது.

மாநிலங்கள் தங்கள் வழியைப் பார்த்துக்கொண்டன. கலிஃபோர்னியாவில் தனி விற்பனையும் 1991 முதல் லைசென்ஸ் பெற்ற கடை மூலமாகத்தான். வாஷிங்டன் மாநிலத்தில் 2014-ல் மக்களே வாக்களித்தார்கள். ஆதரவு சுமார் 59 சதவீதம். அங்கே இணைய விளம்பரத்தைப் பார்த்துப் பேசி முடித்தாலும், இருவரும் ஒரு கடையின் கவுன்டருக்குப் போக வேண்டும். கடைக்காரர் படிவம் வாங்கி, சோதனை செய்து, தன் பதிவேட்டில் எழுதிய பிறகே துப்பாக்கி கைமாறும். நெருங்கிய குடும்பத்துக்குள் பரிசாகக் கொடுப்பதற்கு விலக்கு உண்டு. வேட்டைக்காரர்களின் வாழ்க்கை அதனால் நின்றுவிடவில்லை. காத்திருக்கும் நேரமும் கொஞ்சம் கட்டணமும் கூடின.

நாடு முழுவதற்கும் இதைக் கொண்டுவர, சாண்டி ஹூக் பள்ளியில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு, 2013 ஏப்ரலில் மான்ச்சின், டூமி என்ற இரு செனட்டர்கள் முயன்றார்கள். சந்தையிலும் இணைய விளம்பரம் மூலமும் நடக்கும் விற்பனைக்குச் சோதனை வேண்டும் என்பதுதான் அது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. தேவைப்பட்டது 60; அதனால் தோற்றது. எதிர்த்தவர்களின் பெரிய பயம், சோதனை என்று தொடங்கி யாரிடம் என்ன துப்பாக்கி இருக்கிறது என்ற பட்டியலில் போய் முடியும் என்பது. அந்தப் பயத்தை நான் எளிதாகத் தள்ள மாட்டேன்; அரசாங்கத்திடம் பட்டியல் போகக் கூடாது என்று நினைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கும் அன்றே ஒரு வழி சொல்லப்பட்டது. சொன்னவர், துப்பாக்கி உரிமைக்காக எப்போதும் நின்ற ஒக்லஹோமா செனட்டர் டாம் கோபர்ன். இன்றைக்கும் தனி ஆள் விரும்பினால்கூட எஃப்.பி.ஐ.யின் தொகுப்பை நேரடியாகக் கேட்க முடியாது. அது லைசென்ஸ் பெற்ற கடைகளுக்கு மட்டும் திறக்கும். வாங்குபவரே இணையத்தில் தன்னைச் சோதித்துக்கொண்டு, சில வாரங்கள் செல்லுபடியாகும் சான்றை அச்சடித்து விற்பவரிடம் காட்டட்டும் என்றார் கோபர்ன். எந்தத் துப்பாக்கி, என்ன எண் என்ற பேச்சே அதில் வராது. ஆளைப் பற்றி மட்டும் ஒரு சரி. விளம்பரம் தேடும் அதே கைபேசியில் செய்துவிடக்கூடிய வேலை. அது சட்டமாகவில்லை.